கொல்லிமலையில் வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளும் கல்விப் பணியாளர்களும்: ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

வீட்டிலிருந்தே கல்வி என்றதும் சென்னையிலும் கோவையிலும் இருக்கும் படித்த பெற்றோர் சிலர் நினைவுக்கு வருவார்கள். பள்ளியின் மனப்பாட முறை பிடிக்காமல் பிள்ளைக்குத் தாங்களே சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், பள்ளி நேரத்தில் வீட்டில் இருக்கும் பிள்ளையின் கதை பெரும்பாலும் வேறு. தானாக எழுந்து உட்கார முடியாத பிள்ளை, தாய் தந்தையோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் என்று அங்கே காரணங்கள் பலவாகப் பிரிகின்றன. இந்த வீடுகளின் வாசலுக்குப் போகவேண்டியவர்கள் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரும் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும், வட்டாரக் கல்வி அலுவலரும், ஊராட்சிப் பணியாளர்களும்.

அவர்கள் அந்த வாசலில் எந்தத் தகுதியில் நிற்கிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டத்தைப் படித்தால் அவர்கள் அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டவர்கள்; நடைமுறையிலோ கடன் வசூலிக்க வந்தவர்களைப் போலப் பேசுகிறார்கள். பணியாளருக்கும் குடும்பத்துக்கும் இடையிலான பெரும்பாலான உரசல்கள் இந்தத் தலைகீழ் நிலையிலிருந்தே வருகின்றன. இதைச் சரிசெய்யப் புதிய சட்டமோ புதிய திட்டமோ தேவையில்லை என்பது என் கருத்து.

2. மலையின் அமைப்பும் பள்ளியின் தூரமும்

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு எனப் பெயரிலேயே நாட்டைத் தாங்கிய 14 ஊராட்சிகள் சேர்ந்தது கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம். தலைமையிடம் செம்மேடு. சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

ஊர் என்று வருவாய்ப் பதிவேடு சொல்வது ஓரிடத்தில் குவிந்த ஊரை அல்ல. மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் காடுகளுக்கிடையே, நாலு வீடு இங்கே, ஆறு வீடு அங்கே என்று சிதறிய குடியிருப்புகளை. தமிழகத்தின் கல்வி உரிமை விதிகள் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. சமவெளியில் 1 கிலோமீட்டர் என்பது கால் மணி நேர நடை. மலையில் அது ஓடை ஒன்றைக் கடந்து, மேடு ஒன்றில் ஏறி, ஐப்பசி மழையில் வழுக்கும் பாதை. வரைபடத்தில் அளந்த தூரத்தை வைத்துக்கொண்டு "பள்ளி பக்கத்தில்தானே இருக்கிறது, ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்கும் பணியாளர், அந்தப் பாதையில் ஒருமுறை ஏழு வயதுப் பிள்ளையோடு நடந்துவிட்டுக் கேட்கட்டும்.

பள்ளிகளின் நிர்வாகமும் ஒரே கையில் இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பில். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ். செங்கரையில் ஒன்றிய அரசின் நிதியில் நடக்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி தனி. ஒரு பிள்ளை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறி, அங்கிருந்து நின்றுவிட்டால், தேடிப்போவது யார் வேலை என்பதில் குழப்பம் வருவது இயல்பு. பெயரில் "ஊராட்சி ஒன்றியம்" இருந்தாலும் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981இலேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். ஊராட்சிக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் தரும் சிறப்பு அதிகாரமும் கொல்லிமலைக்குக் கிடையாது. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்னும் பழைய ஊர்த்தலைமை அமைப்புக்கு மதிப்பு உண்டு; அரசு ஆவணத்தில் இடம் இல்லை.

3. சட்டம் யாரைக் கட்டுகிறது

2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதிலுள்ள கட்டாயம் யார் மீது என்பதை 8ஆம் பிரிவின் விளக்கம் தெளிவாகவே சொல்கிறது: சேர்க்கை, வருகை, தொடக்கக் கல்வியை முடித்தல் ஆகியவற்றை உறுதிசெய்வது அரசின் கட்டாயக் கடமை. 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை அடுக்குகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டும். 10ஆம் பிரிவு பெற்றோருக்கும் ஒரு கடமையை வைக்கிறது. ஆனால் அதை மீறும் பெற்றோருக்கு இச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. இது மறதியால் விடுபட்டதாகத் தோன்றவில்லை. கூலிக்குப் போகும் குடும்பத்தின் மீது அபராதம் விதித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்க முடியாது என்று சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருப்பார்கள்.

இருந்தும் களத்தில் என்ன நடக்கிறது? "பிள்ளையை அனுப்பாவிட்டால் ரேஷன் கார்டை நிறுத்திவிடுவோம்" என்ற பேச்சு மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் கேட்கக்கூடியதே. அதற்குச் சட்ட ஆதாரம் கிடையாது. ஒரு முறை வேலைசெய்யும் மிரட்டல் அது. அடுத்த முறை அலுவலரின் வண்டிச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள்.

4. வீட்டில் இருக்கும் பிள்ளைகள்: நிலைகள்

4.1 சட்டமே வீட்டை அனுமதிக்கும் பிள்ளை

கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. தேர்ந்தெடுப்பது பிள்ளையும் குடும்பமும். தேர்ந்தெடுத்துக் கொடுப்பது தலைமையாசிரியரின் வேலையோ பயிற்றுநரின் வேலையோ இல்லை. இந்தத் திருத்தத்தை மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுவோர் சிலர் அப்போதே ஐயத்தோடு பார்த்தார்கள். சக்கர நாற்காலி ஏறாத பள்ளி, "இந்தப் பிள்ளைக்கு வீட்டுக் கல்வியே நல்லது" என்று கையைக் கழுவிக்கொள்ள அது வழி திறக்கும் என்பது அவர்கள் அச்சம். சாய்தளமும் கைப்பிடியுள்ள கழிப்பறையும் அமைப்பது அரிதான மலைப்பள்ளிகளில் அந்த அச்சம் இன்னும் நியாயமானதே.

2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளடங்கிய கல்விப் பிரிவுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. பிள்ளையின் பெயர் அருகிலுள்ள பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அது பலிப்பதும் பலிக்காததும் அந்த வீட்டில் நடக்கும் ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது.

அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு விதமாகச் செலவிடலாம். ஒன்று, பிள்ளையின் கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்து, படம் எடுத்துச் செயலியில் ஏற்றிவிட்டுக் கிளம்புவது. மற்றொன்று, அதே பயிற்சியைத் தாய் செய்யும்படி விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவது. பணியாளர் வராத நாட்களே அதிகம் என்பதால், இரண்டாவது வழியில்தான் பிள்ளைக்குப் பயன். தாய் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் உத்திகளும் அப்போதுதான் தெரியவரும்: எந்தப் பக்கம் படுக்க வைத்தால் பிள்ளைக்கு விழுங்க எளிது, எந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது, பசியை எப்படித் தெரிவிக்கிறது. சிறப்பாசிரியரின் குறிப்பேட்டில் முதல் பக்கம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். பல ஆண்டுகள் அந்தப் பிள்ளையை வளர்த்தவரிடம் கேட்காமல் எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் வெறும் படிவம்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வருகைக்குச் சான்றாகப் படம் வேண்டும் என்று மேலிடம் கேட்பது புரிகிறது. ஆனால் உடை விலகிக் கிடக்கும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையைக் கேட்காமல் படம் எடுக்க எந்த மேலிடத்துக்கும் உரிமை கிடையாது. பணியாளர் தன் கையையும் பயிற்சிப் பொருளையும் மட்டும் படம் எடுத்தாலும் வருகை வருகைதான். அதை ஏற்கும் ஏற்பாட்டை வட்டார வள மையமே செய்யலாம்.

இந்த வீடுகளில் கல்வியை விட முதலில் பேசப்படுவது காகிதங்கள்: தேசிய அடையாள அட்டை, தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை. கடும் பாதிப்புக்கான மாத உதவி 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. மருத்துவச் சான்றுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுபது வளைவுகளும் இறங்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், வாந்தி தனி. இதெல்லாம் கல்விப் பணியாளரின் வேலை இல்லை என்று ஒதுங்கினால் அந்த வீட்டில் கல்விப் பேச்சு எடுபடாது. செம்மேட்டில் மருத்துவ முகாம் நடக்கும் தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொல்வது, வாகனத்துக்கு ஏற்பாடு செய்வது, விண்ணப்பத்தை நிரப்பித் தருவது ஆகிய இவையே நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வழிகள்.

4.2 தோட்டத்துக்குப் போய்வரும் பிள்ளை

காப்பிக் கனியும் மிளகும் பறிக்கும் பருவத்தில் கொல்லிமலைக் குடும்பங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போவது பல ஆண்டுகளாக நடப்பது. கார்த்திகைக்குப் பிறகு போனவர்கள் பங்குனி, சித்திரையில் திரும்புவார்கள். வகுப்பில் பாதிப் பாடம் நடக்கும் காலம் அது. பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளை ஒரு வகை. கூடவே போன பிள்ளை இன்னொரு வகை. கூடப்போன பிள்ளை அங்கே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. போகப்போகக் கூடையையும் எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள பள்ளியில் சேர்த்தாலும் கன்னடமோ மலையாளமோ புரிவதற்குள் பருவம் முடிந்துவிடும். இடுக்கியின் தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. குடகில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

இங்கே பணியாளர்கள் பிழைவிடும் இடம் காலம். பிள்ளை போன பிறகு, வருகைப் பதிவேட்டில் கோடு விழுந்த பிறகு, பூட்டிய வீட்டுக்குப் போகிறார்கள். போகும் முன்பே, ஐப்பசியிலேயே, எந்தக் குடும்பம் எந்த ஊருக்கு, எந்த மேஸ்திரியோடு, எத்தனை மாதத்துக்குப் போகிறது என்று கேட்டறிவதே உண்மையான பணி. குடும்பங்கள் இதை மறைப்பது எதற்காக? பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம்தான். வெட்டமாட்டோம், திரும்பி வரும்போது அதே வகுப்பு காத்திருக்கும் என்ற உறுதியை முதலில் தந்தால் மறைக்கக் காரணம் இல்லை. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 4ஆம் பிரிவு, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமானதைக் காட்டி இன்னொரு பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது.

பாட்டியிடம் தங்கும் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி ஒரு வழி. அதற்கான ஏற்பாடு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. ஆனால் பாட்டிக்கும் அந்தப் பேரப்பிள்ளை தேவைப்படலாம், ஆடு ஓட்டவும் தண்ணீர் சுமக்கவும். விடுதி என்றதும் அவள் முகம் சுருங்கினால் அதைப் படிப்பின் மீதான வெறுப்பு என்று எழுதிவிடக் கூடாது.

திரும்பிவரும் பிள்ளைக்கு என்ன தருவது என்பதில், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைப் பகுப்பு உதவக்கூடியது. பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது இடம்பெயரும் பிள்ளைக்காகவே செய்தது போலிருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கான ஏற்பாடு அது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளையை அது எட்டாது. பிள்ளைகள் அதிகம் நழுவுவது அங்கேதான்.

4.3 நின்றுவிட்ட பிள்ளை

இடையில் நின்ற பிள்ளையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பெண்பிள்ளைகளில் இளவயதுத் திருமணமும், ஆண்பிள்ளைகளில் ஓட்டுநர் உதவியாளர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி போன்ற வேலைகளும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பெண்களுக்கான கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா விடுதிகளும், 12½ வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் வாய்ப்பும் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். சொல்லத் தெரியாத பணியாளர் சிலர் இருப்பதே இங்கே குறை.

4.4 விரும்பி வீட்டில் வைத்திருக்கும் குடும்பம்

மலையில் இது அரிது. எனினும் இயற்கை வேளாண்மைக்காக நகரை விட்டு மலைகளுக்கு வந்து குடியேறும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பெருகிவருவதால் பணியாளர் இதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் இத்தகைய குடும்பத்தைப் பதிவுசெய்யும் முறை இல்லை. பெற்றோரைத் தண்டிக்கும் முறையும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே தேர்வெழுதும் வாசல் மட்டும் திறந்திருக்கிறது.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே பயன்படும். அங்கே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற கல்வியைப் பள்ளி மூலமாகவோ வேறு வகையிலோ தரும் கடமையைப் பெற்றோரிடம் வைக்கிறது. கட்டாயம் பெற்றோர் மீது; நம் சட்டத்துக்கு நேர்மாறு. ஆனால் அங்கேயும் உள்ளாட்சி அலுவலருக்கு வீட்டுக்குள் நுழையும் உரிமை தானாகக் கிடையாது. 1980இல் ஒரு வழக்கில், அலுவலர் முறைசாராமல் விவரம் கேட்கலாம், பெற்றோர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர், ஆயினும் சொல்வதே புத்திசாலித்தனம் என்ற கருத்தை நீதிமன்றம் தெரிவித்தது. 2009இல் கிரஹாம் பேட்மன் தலைமையில் வந்த அறிக்கை வீட்டுக்குள் வந்து பிள்ளையைப் பார்க்கும் உரிமையை அலுவலருக்குத் தரச் சொன்னபோது வீட்டுக் கல்விக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. அதற்கான சட்டப்பிரிவுகள் 2010 தேர்தலுக்கு முன் கைவிடப்பட்டன. 2024 டிசம்பரில் பதிவேட்டைக் கட்டாயமாக்கும் மசோதா மீண்டும் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் ஒரே இடத்தில் சுற்றிவருகிறார்கள்: பாதுகாப்புக்காகப் பார்க்க வேண்டும் என்ற அலுவலரின் கவலை, பார்க்க வருபவர் குற்றம் தேடுகிறார் என்ற குடும்பத்தின் கவலை. இரண்டும் பொய்யல்ல.

5. எல்லா வீடும் பள்ளியான காலம்

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1இல்தான் மீண்டும் திறந்தன. பத்தொன்பது மாதங்கள். அந்தக் காலம் முழுவதும் மலையின் ஒவ்வொரு வீடும் வீட்டுக் கல்விக் கூடம்தான். கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியும் எல்லாக் குடியிருப்புக்கும் எட்டவில்லை. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஒரு செய்தியைச் சொன்னது: ஊருக்குள்ளேயே இருக்கும் படித்த பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பிக்க முடியும்.

கொல்லிமலைக்கு இந்தப் பாடம் முக்கியமானது. அடிவாரத்திலிருந்து ஏறிவரும் பணியாளர் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். குடும்பம் காட்டிலிருந்து திரும்புவது அந்தப் பேருந்து கிளம்பிய பிறகு. இந்த எளிய நேரச் சிக்கலைத் தீர்க்காமல் எத்தனை பயிற்சி நடத்தினாலும் சந்திப்பு நடக்காது. அந்தந்த நாட்டிலேயே வாழும் தன்னார்வலர் ஒருவரைக் குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நிலையாக வைப்பதே வழி. அவர் "அக்கா" என்று கூப்பிட்டு அடுப்படி வரை போகக்கூடியவர். அலுவலர் "சார்" ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் குற்றமில்லை.

6. என்ன எழுதுவது, எதை மதிப்பது

கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸ் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தொடர்ந்து வராத பிள்ளை இடைநின்றவர் பட்டியலுக்குப் போகிறது. பட்டியல் நீளக் கூடாது என்ற அழுத்தம் தலைமையாசிரியர் மீது. எனவே வராத பிள்ளை வந்ததாகவும், வீட்டில் கற்காத பிள்ளை வீட்டில் கற்பதாகவும் எழுதும் சபலம் எழும். 2019இல் பிள்ளைகளே சேராத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டதைக் கண்ட ஆசிரியர்களுக்கு எண்ணிக்கை மீது பயம் இருப்பது இயற்கை. உண்மையை எழுதிய தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் நிற்காதவரை, பதிவேடு திருந்தாது. ஊராட்சியில் உள்ள பிறப்புப் பதிவு, அங்கன்வாடிப் பட்டியல், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றோடு பள்ளிப் பதிவை ஆண்டுக்கு இருமுறை ஒத்துப்பார்ப்பது ஊராட்சிச் செயலரால் முடிந்த காரியம். முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அதை வாசிக்கலாம். யார் எங்கே என்று அந்தக் குழுவுக்குத் தெரியும்.

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மதிப்பிடும்போதும் தொடக்கப் புள்ளி மாற வேண்டும். சிட்டன்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாசாமை, மல்லியசாமை என்று சாமையிலேயே பல வகை பயிரிட்ட மலை இது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களில் பணிசெய்ததும் அந்தச் செல்வத்தை நம்பித்தான். வகைகளைக் கதிர் பார்த்துப் பிரித்தறியும் பிள்ளை வகைப்படுத்தலை அறிந்திருக்கிறது. மிளகை நிறுத்து விற்று மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் பிள்ளைக்குக் கழித்தல் வரும். தாளில் எழுதத்தான் வராது. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்துவது ஆபத்து. மலைப்பிள்ளைக்குக் காடே பள்ளி என்று மெச்சிப் பேசுபவர்களின் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குத்தான் போகிறார்கள். வங்கியில் படிவம் நிரப்பவும், தோட்ட மேஸ்திரியின் கணக்கைச் சரிபார்க்கவும், சாதிச் சான்று விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் எழுத்து வேண்டும். குடும்பத்தின் அறிவை மதிப்பது, அரசு தரவேண்டியதைக் குறைத்துக்கொள்ளும் சாக்காகிவிடக் கூடாது.

7. முறையீட்டின் வழி

கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்டால் யாரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிடலாம் என்கிறது. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். குற்றம் சாட்டப்படுபவரும் விசாரிப்பவரும் பெரும்பாலும் ஒரே அலுவலகத்தார் என்பது இதன் பலவீனம். அதற்காகவே முறையீட்டுப் படிவம் அலுவலகத்தில் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு முதல் வருகையிலும் பணியாளர் அதைத் தமிழில் அச்சிட்டுக் கொண்டுபோய், எழுதத் தெரிந்த அண்டை வீட்டார் முன்னிலையில் வாசித்துக்காட்டி, தன் பெயரையும் கைபேசி எண்ணையும் அடுத்து வரும் தேதியையும் அதன் பின்பக்கம் எழுதிக் குடும்பத்திடமே விட்டுவர வேண்டும். சொன்ன தேதியில் வர முடியாவிட்டால் அந்தத் தாளே அவர்மேல் முறையீடாகலாம். அதை அறிந்தே அவர் தேதியை எழுதுவார்.